யார்க் மின்ஸ்டர் கிழக்கு ஜன்னல் பத்தி கேளுங்க, சொல்றேன்

இங்கிலாந்துல யார்க் பேராலயத்தோட கிழக்குச் சுவர்ல 600 வருஷம் பழைய கண்ணாடி ஜன்னல் ஒண்ணு இருக்கு, எனக்கு உயிர். வந்த கேள்விகளுக்கு முடிஞ்ச வரைக்கும் பதில் போடறேன்.

கே: அக்கா, கலர் எல்லாம் பெயின்ட்தானே? உரிஞ்சிடாதா?

ப: இல்லப்பா, கலர் கண்ணாடிக்குள்ளயே இருக்கு. உருக்கும்போதே கோபால்ட் சேர்த்தா நீலம், தாமிரம் சேர்த்தா சிவப்பு. சிவப்பு ரொம்ப அடர்த்தி, முழுக்க அதுலயே செஞ்சா கருப்பாத்தான் தெரியும், அதனால வெள்ளைக் கண்ணாடி மேல மெல்லிசா ஒரு படலமா ஏத்துவாங்க. பிரஷ்ல வரைஞ்சது கண்ணு, மூக்கு, துணி மடிப்பு மாதிரி கருங்கோடு மட்டும்தான், அதையும் சூளையில சுட்டு ஒட்ட வச்சிருவாங்க. எனக்குப் பிடிச்சது மஞ்சள். வெள்ளிக் கலவையை கண்ணாடியோட பின்பக்கம் பூசி சுட்டா அந்த இடம் மட்டும் பொன் மாதிரி ஆயிடும், ஒரே வெள்ளைத் துண்டுல தேவதையோட முகமும் இருக்கும், தங்க நிறக் கூந்தலும் இருக்கும், நடுவுல வெட்டே கிடையாது!

கே: யார் செஞ்சாங்க மேடம், கூலி எவ்ளோ?

ப: கோவென்ட்ரி ஊர்க்காரர் ஜான் தார்ன்டன். 1405ல ஒப்பந்தம், 3 வருஷத்துல முடிக்கணும், வாரம் 4 ஷில்லிங் (20 ஷில்லிங் ஒரு பவுண்டு), அது போக வருஷத்துக்கு 5 பவுண்டு, நல்லபடியா முடிச்சா இன்னும் 10, மொத்தம் 56 பவுண்டு. படங்களை அவரே தன் கையால வரையணும்னு ஒப்பந்தத்துலயே எழுதியிருக்கு. ஜன்னல் உச்சியில 1408னு வருஷத்தையும் தன் முத்திரையையும் போட்டிருக்கார், கிட்டத்தட்ட 78 அடி ஜன்னல், கீழ நிக்கறவங்க கண்ணுக்கு அது எட்டவே எட்டாது, ஆனாலும் போட்டிருக்கார் பாருங்க.

கே: என்ன கதை?

ப: உச்சியில கடவுள், கையில புத்தகம், "நான் அல்பாவும் ஓமெகாவும்"னு லத்தீன்ல, அதாவது நானே ஆரம்பமும் முடிவும்னு. அதுக்குக் கீழ பைபிளோட பழைய ஏற்பாடு 27 காட்சி, அப்புறம் 81 பேனல் (கண்ணாடிக் கட்டம்) பூரா வெளிப்படுத்தின விசேஷம், உலக முடிவைச் சொல்ற பைபிளோட கடைசிப் புத்தகம்.

கே: பழைய கண்ணாடி மெதுவா கீழ வழியுமாமே?

ப: வழியாது. ஊதிச் செஞ்ச கண்ணாடி தடிமன் எல்லா இடத்துலயும் சமமா வராது, அதான் வழிஞ்ச மாதிரி தெரியுது, அவ்ளோதான்.

கே: இத்தனை சண்டையில எப்படி தப்பிச்சது?

ப: 1640கள்ல ராஜாவுக்கும் பார்லிமென்ட்டுக்கும் உள்நாட்டுப் போர். அப்போ கான்டர்பரி பேராலயத்து ஜன்னலை ரிச்சர்ட் கல்மர்ங்கற பாதிரியாரே ஏணி மேல ஏறி ஈட்டியால குத்தி உடைச்சார், படிக்கறப்பவே வயிறு எரியும். யார்க் 1644ல பார்லிமென்ட் படைகிட்ட சரணடைஞ்சப்போ அந்தப் படைத்தலைவர் ஃபேர்ஃபேக்ஸ் கண்ணாடியில கை வைக்க விடல, அவரும் யார்க்ஷயர்காரர்தான். ரெண்டாம் உலகப்போர்ல மொத்தமா கழட்டி பத்திரப்படுத்தினாங்க.

கே: சமீபத்துல ரிப்பேர் பண்ணாங்களாமே?

ப: ஆமா, 2008ல கழட்டி 2018ல முடிச்சாங்க, 311 பேனல். விரிசல் விட்ட இடத்துல எல்லாம் முன்னாடி இருந்தவங்க ஈயப்பட்டி வச்சு சேர்த்திருந்தாங்க, அதனால முகத்துக்குக் குறுக்கால தழும்பு மாதிரி கருப்புக் கோடு ஓடும். இப்ப நிறைய இடத்துல அந்த ஈயத்தை எடுத்துட்டு விளிம்போட விளிம்பா பசையில ஒட்டியிருக்காங்க, வெளிப்பக்கம் வெயிலோட புற ஊதாக்கதிரைத் தடுக்கற கண்ணாடி வேற.

கே: அடுத்த மாசம் போறேன் அக்கா, எப்ப பாக்கணும்?

ப: காலையிலயே போயிடுங்க, கிழக்கு ஜன்னலாச்சே. பைனாகுலர் கட்டாயம். முதல்ல அடி வரிசை நடுவுல பாருங்க, மண்டி போட்டிருப்பாரு பிஷப் ஸ்கர்லா, ஜன்னலுக்குப் பணம் குடுத்தவர். அங்கிருந்து மெதுவா மேல ஏறுங்க.