பால் பக்டரியில் பயிலுநராகச் சேர்ந்தால் பட்டம் என்னாவது?

கேள்வி: கிளிநொச்சிப் பக்கம் இருக்கிறேன். உயர்தரத்தில் உயிர்முறைமைத் தொழில்நுட்பம் படித்தேன். இரண்டாம் முறையும் வெட்டுப்புள்ளிக்கு எட்டவில்லை. பால் பதப்படுத்தும் தொழிற்சாலை ஒன்றில் பயிலுநராக எடுக்கிறோம் என்கிறார்கள். லண்டனில் பெரியப்பாவின் மகன் ‘டிகிரி அப்ரென்டிஸ்’ என்று ஒரு உணவுக் கம்பனியில் சம்பளமும் வாங்கிக்கொண்டு பட்டமும் படிக்கிறார். இங்கே அப்படி ஏதும் உண்டா? ‘அப்ரென்டிஸ் விசா’வில் அங்கேயே அனுப்பிவிடுகிறேன் என்று ஓர் ஏஜென்ட் முற்பணம் கேட்கிறார். அம்மாவோ, “கம்பஸ் கிடைக்காட்டிலும் பரவாயில்லை, வாளி கழுவப் போகவேண்டாம்” என்கிறார்.

பதில்: முதலில் ஏஜென்டின் கதையை முடித்துவிடுவோம். ஒரு சதமும் கொடுக்காதீர்கள். இங்கிலாந்தில் 2015 இல் தொடங்கிய பட்டப் பயிலுநர் முறையில் படிக்கிறவர் கட்டணம் கட்டுவதே இல்லை. ஆண்டுச் சம்பளச் செலவு 30 இலட்சம் பவுணைத் தாண்டும் கம்பனிகளிடம் 2017 முதல் 0.5 வீதம் பயிலுநர் வரி வாங்குகிறார்கள். படிப்புச் செலவு அந்த வரிப் பணத்திலிருந்தும் அரசிடமிருந்தும் வருகிறது. அதனால் யாருக்குக் கொடுப்பது என்பதிலும் கண்டிப்பு: அங்கே வேலைசெய்யும் உரிமை இருக்கவேண்டும், பொதுவாகக் கடைசி 3 வருடமும் அங்கே வசித்திருக்கவேண்டும். மாணவர் விசாவில் போனவருக்குக்கூட அந்தப் பணம் கிடையாது. ‘அப்ரென்டிஸ் விசா’ என்று தனியாக ஒன்றும் இல்லை. உங்கள் அண்ணா அங்கே வாழ்பவர், அவருக்குச் சரி. வெளிநாட்டு வேலை என்று யார் காசு கேட்டாலும் வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு ஒரு கோல் எடுத்து, அந்த முகவருக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

இனி இங்கத்தைய கதை. லண்டனில் போல வேலை, சம்பளம், பட்டம் மூன்றையும் ஒரே ஒப்பந்தத்தில் கட்டித் தரும் ஏற்பாடு நம்மிடம் இல்லை. ஆனால் மூன்றுக்கும் தனித்தனிக் கயிறு இருக்கிறது, முடிச்சை நீங்கள்தான் போடவேண்டும்.

தேசிய தொழில் தகைமை என்ற என்.வி.கியூ. ஏணியில் 7 படி. 1 முதல் 4 வரை சான்றிதழ், 5, 6 டிப்ளோமா, 7 பட்டம். பயிலுநர் பயிற்சியை நைட்டாவில், அதாவது தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையில், பதிந்து செய்தால் அந்த ஏணியில் கால் வைத்த மாதிரி. பதியாமல் செய்தால் மூன்று வருடம் கழித்தும் நீங்கள் கம்பனியின் ‘பெடியள், பிள்ளையள்’ கணக்கில்தான். அறிவியல்நகரிலுள்ள இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் உணவுத் தொழில்நுட்பப் பாடநெறி இருக்கிறது. கிளிநொச்சியில் இருந்துகொண்டு அதைக் கேட்டுப் பாராமல் விடுவது, இரணைமடுக்குளத்துக்குப் பக்கத்தில் காணி வைத்துக்கொண்டு மழைக்குக் காத்திருப்பது போல. டிப்ளோமாவுக்குப் பிறகு இரத்மலானையிலுள்ள வாழ்க்கைத்தொழில் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், அதாவது யூனிவோடெக். 2008 ஆம் ஆண்டின் சட்டத்தால் வந்தது அது. என்.வி.கியூ. வழியாக வருகிறவர்களுக்குப் பட்டக் கதவு திறப்பதே அதன் வேலை. உணவுப் பதப்படுத்தலிலும் அங்கே பட்டம் உண்டு. வேலைசெய்கிறவர்களுக்காக வார இறுதி வகுப்புகளும் நடத்துகிறார்கள். எந்தப் பட்டத்துக்கு எந்த வருடம் என்பதை விண்ணப்பம் கோரும் அறிவித்தலில் பாருங்கள்.

வார இறுதி வகுப்பு என்று சொல்ல இலேசு. கிளிநொச்சியிலிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். வெள்ளி இரவு ஏ9 வீதியில் பஸ் ஏறி, ஞாயிறு இரவு திரும்பி ஏறி, திங்கள் காலை 6 மணி சிஃப்டுக்கு நிற்கவேண்டும். இரண்டு மாதம் எவரும் செய்வார்கள். வருடக்கணக்கில் செய்வதற்கு, திங்களன்று பின்னேர சிஃப்ட் தரச் சம்மதிக்கும் ஒரு மேற்பார்வையாளர் வேண்டும். படிப்பும் ஆங்கிலத்தில்தான். அதை இப்போதே பக்டரியில் தொடங்கலாம். இரசாயனக் கேனில் ஒட்டியிருக்கும் லேபல், மெசின் பக்கத்தில் மாட்டியிருக்கும் செயல்முறைத் தாள் எல்லாம் ஆங்கிலம்தான். ஒரு நாளைக்கு ஒன்றை வாசித்து முடியுங்கள்.

அம்மா சொன்ன வாளிக்கு வருவோம். அவர் சொல்வது பொய் இல்லை. முதல் மாதம் கழுவத்தான் விடுவார்கள். ஆனால் பால் ஓடிய குழாயில் இரண்டு வகை அழுக்கு படியும். கொழுப்பும் புரதமும் காரத்துக்குத்தான் கரையும். பாற்கல் என்று வெள்ளையாகப் படியும் கனிப்பொருள் அமிலத்துக்குத்தான் விடும். காரம் எத்தனை வீதம், எத்தனை பாகையில், எத்தனை நிமிடம், நடுவில் எத்தனை தரம் தண்ணீர் என்று தெரிந்து கழுவுகிறவரும், சவர்க்காரம் போட்டுத் தேய்க்கிறவரும் ஒரே வாளியைத்தான் பிடித்திருப்பார்கள். முதலாமவரைத்தான் அடுத்த வருடம் தர ஆய்வுகூடத்துக்குள் எடுப்பார்கள்.

பிறகு பால் வாங்கும் இடம். பயிலுநர் ஒருவர் ஆகக் கூடுதலாகப் படிப்பது அங்கேதான் என்பது என் எண்ணம். விடிய சைக்கிளிலும் மோட்டார்சைக்கிளிலும் கேன்கள் வரும். ஒரு குழாயில் பாலும் 68 வீத அற்ககோலும் சம அளவு விட்டுக் குலுக்குவார்கள். கண்ணாடிச் சுவரில் பொடிப்பொடியாகத் திரிந்து ஒட்டினால் அந்தப் பால் பெரும்பாலும் புளிக்கத் தொடங்கிவிட்டது, சூடாக்கினால் மெசினுக்குள்ளேயே திரைந்துவிடும். திருப்பி அனுப்பவேண்டும். உங்கள் அம்மாவின் வயதில் ஓர் அக்கா, அந்தப் பாலை நம்பி வந்தவர், உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நேற்றுப் பின்னேரம் கறந்ததைக் குளிரூட்டாமல் இதோடு கலந்தீர்களா என்று மரியாதையாகக் கேட்டுப் பழகவேண்டும். வன்னி வெயிலில் கறந்த சூட்டோடு நிற்கும் பால் எவ்வளவு நேரம் தாங்கும் என்று அவருக்குச் சொல்லித் தரவேண்டியவரும் நீங்கள்தான்.

ஒருநாள் யோகட் உறையாது. பால் நன்றாகக் காய்ச்சி, 43 பாகைக்கு ஆறவிட்டு, உறை போட்டு, நாலைந்து மணித்தியாலம் கழித்துப் பார்த்தால் பால் பாலாகவே இருக்கும். எல்லோரும் உறையைத் திட்டுவார்கள். அற்ககோல் சோதனையில் பால் தேறியிருக்கும். யாரோ ஒருவருடைய மாட்டுக்கு மடிவீக்கம் வந்து நுண்ணுயிர்க்கொல்லி ஊசி போட்டிருப்பார்கள், மிருகவைத்தியர் சொன்ன நாட்கள் முடிய முன்னமே பாலை ஊற்றியிருப்பார்கள். உறைக் கிருமியை அந்த மருந்து கொன்றுவிடும். தொட்டியிலிருந்து கேனுக்கும், கேனிலிருந்து பட்டிக்கும் பின்னோக்கிப் போய்க் கண்டுபிடிக்கிற ஆள்தான் பிறகு வகுப்பில் இருந்து நுண்ணுயிரியல் கேட்கும்போது தூங்காத ஆள்.

பதிவுத் தாள் பற்றி ஒன்று சொல்லவேண்டும், கொஞ்சம் வெட்கம்தான். நான் பயிலுநராக இருந்த இடத்தில் பாஸ்டரைசரின் வெப்பநிலையை அரை மணிக்கு ஒருமுறை எழுதவேண்டும். 72 பாகையில் 15 செக்கன் பால் நின்றதா என்பதற்கு அந்தத் தாள்தான் சாட்சி. ஓர் இரவு சிஃப்டில் நான் அதை மறந்து, விடிய 5 மணிக்கு உட்கார்ந்து ஒரே பேனையால் ஒரே மூச்சில் 72.5, 72.5 என்று நிரப்பிவிட்டேன். தணிக்கைக்கு வந்தவர் தாளை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு, “தம்பி, இதில ஒரு சொட்டுப் பால்கூடச் சிந்தேல்லையே” என்றார். அவ்வளவுதான் சொன்னார். அன்றைய இரவுப் பால் முழுவதையும் தடுத்து வைத்தார்கள். எழுத மறந்தால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டு, பக்கத்தில் காரணத்தை எழுதிக் கையெழுத்து வையுங்கள்.

சின்ன விசயங்கள்: ஒட்டுப் பொட்டு, வளையல், தலையில் பூ, கோயிலில் கட்டிய நூல் எதுவும் உள்ளே போகாது. பொட்டு யோகட்டுக்குள் விழுந்து கடைக்குப் போனால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வருவார். வற்றாப்பளைப் பொங்கலுக்கு விடுமுறை வேண்டுமென்றால் சிஃப்ட் அட்டவணை போட முன்னமே கேளுங்கள், மாட்டுக்குப் பொங்கல் தெரியாது.

என் அபிப்பிராயம், சேருங்கள். ஆனால் வாய்ப்பேச்சில் சேரவேண்டாம். கடிதத்தில் பயிலுநர் என்று இருக்கிறதா, நைட்டாவில் பதிவார்களா, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பிரிவு மாற்றுவார்கள், பதிவேட்டில் யார் கையெழுத்து வைப்பார், பரீட்சைக்கு லீவு உண்டா என்று கேளுங்கள். இதில் ‘பிரிவு மாற்றம்’தான் முக்கியம். பொதி கட்டும் மேசையில் கை வேகமான பிள்ளை என்று கண்டால் அங்கேயே வைத்துக்கொள்ளத்தான் பார்ப்பார்கள். சாதாரண ஊழியராகத்தான் எடுக்கிறோம் என்றால் சேமலாப நிதிக்கு உங்கள் 8 வீதமும் அவர்களின் 12 வீதமும் முதல் மாதத்திலிருந்தே போகவேண்டும். அப்படிச் சேர்ந்தாலும் வழி அடைபடாது, அனுபவத்தைக் காட்டி முன்கற்றல் அங்கீகாரம் வழியாக என்.வி.கியூ. எடுக்கலாம், கொஞ்சம் சுற்று.

எது எதில் சந்தேகம் என்றாலும் பிரதேச செயலகத்தில் மனிதவலு வேலைவாய்ப்புத் திணைக்கள உத்தியோகத்தர் இருப்பார். கடிதத்தின் பிரதியோடு போய்க் காட்டுங்கள், கையெழுத்து வைக்க முன்னம்.