எலும்புக்கு நடை மட்டும் போதுமா?

கேள்வி: எனக்கு வயது 64. எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் இடுப்பெலும்பின் டி-ஸ்கோர் (இளவயதினரின் எலும்போடு ஒப்பிட்ட அளவு) மைனஸ் 2.1 என்று வந்திருக்கிறது. இதுவரை எலும்பு முறிவு ஏதும் இல்லை. தினமும் ஊருணிக் கரையில் நான்கு சுற்று நடக்கிறேன். பிறகு குனிந்து கால்விரலைத் தொடுவேன், 20 தடவை. மகள் எடை தூக்கச் சொல்கிறாள். முறிந்துவிடாதா?
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: மகள் சொல்வதுதான் சரி. டி-ஸ்கோர் மைனஸ் 2.5-க்கு இறங்கினால்தான் எலும்புப்புரை, அதாவது எலும்பு மெலிந்து எளிதில் முறியும் நோய். நீங்கள் அதற்கு முந்தைய படியில் இருக்கிறீர்கள். நடையை விடவேண்டாம். ஆனால் பழகிய சுமையை எலும்பு சட்டை செய்வதில்லை. வழக்கத்தைவிடக் கூடுதல் அழுத்தம் விழுந்தால்தான் அது தன்னைத் திடப்படுத்திக்கொள்ளும்.

உண்மையில் பயப்பட வேண்டியது அந்தக் குனிதலுக்குத்தான். முதுகை வளைக்கும்போது பாரம் முழுவதும் முள்ளெலும்பின் முன்பக்கம் இறங்குகிறது. மெலிந்த எலும்பு அங்கேதான் ஆப்புபோல் நசுங்கும். இன்றே நிறுத்துங்கள். கோலத்தையும் முக்காலியில் உட்கார்ந்து போடுங்கள்.

கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழுங்கள். மூன்று எண்ணி மெல்ல உட்காருங்கள். 8 முதல் 12 தடவை, இரண்டு சுற்று. எழும்போது மூச்சை விடுங்கள், அடக்கினால் ரத்த அழுத்தம் ஏறும். 12 சுலபமானதும் கைக்கு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். பலரும் இங்கேதான் தவறுகிறார்கள்: எண்ணிக்கையை 30, 40 என்று ஏற்றுவார்கள், எடையை ஏற்ற மாட்டார்கள். வாரம் மூன்று நாள் போதும், ஒருநாள் விட்டு ஒருநாள்.

வளவுத் (வீட்டின் உள்முற்றத்து) தூணைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி, தொப்பென்று இறக்குங்கள், 10 தடவை. அந்த அதிர்வு இடுப்புவரை போகும். மூட்டு வலித்தால் மெல்ல இறக்கலாம். அங்கேயே ஒற்றைக்காலில் 10 விநாடி நிற்கப் பழகுங்கள். விழாமலிருப்பதும் எலும்புப் பாதுகாப்புதானே! தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் (டைல்ஸ்) ஈரமாக இருந்தால் வழுக்கும், தரை காய்ந்தபின் வெறுங்காலோடு செய்யுங்கள்.

திடீரென முதுகில் சுருக்கென வலித்தாலோ, உயரம் 4 செ.மீ. குறைந்திருந்தாலோ, பயிற்சியை நிறுத்தி எக்ஸ்ரே எடுங்கள். எலும்பு மெதுவாகத்தான் மாறும். ஓராண்டுக்குள் மறுபடி ஸ்கேன் எடுப்பது வீண் செலவு.

கேள்வி: நீச்சலும் சைக்கிளும் எலும்புக்கு உதவுமா?
– ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: இதயத்துக்கு உதவும். எலும்புக்கு அவ்வளவாக இல்லை. உடம்பின் பாரத்தை ஒன்றில் தண்ணீரும் மற்றதில் சீட்டும் தாங்கிக்கொள்கின்றன. வாரம் இரண்டு நாள் மேலே சொன்ன நாற்காலிப் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.