பள்ளியில் இசை சொல்லிக் கொடுத்துக்கொண்டே இசையமைப்பாளராகவும் இருக்க முடியுமா? வேலையை விட்டுவிடலாமா?

விடாதீர்கள். உங்களுக்கு 38 வயது, இசை ஆசிரியர் வேலை, சொந்தமாக எழுத நேரமில்லை, பிரிட்டிஷ் இசையமைப்பாளர் ஜார்ஜ் பெஞ்சமின் மாதிரி ஆக ஆசைப்பட்டு வெறும் டீச்சராகவே முடிந்துவிடுவேனோ என்று பயம். உங்கள் கேள்வியில் இருந்த அந்த ‘வெறும்’தான் என்னை எழுத வைத்தது. நான் லண்டனில் பதினாறு வருடமாகப் பியானோ சொல்லித் தருகிறேன்.

பெஞ்சமினைப் பற்றி எல்லோரும் சொல்வது முதல் பாதிதான். 1960இல் பிறந்தவர், 16 வயதில் பாரிஸில் பிரெஞ்சு இசையமைப்பாளர் மெஸ்ஸியானிடம் பாடம், 20 வயதில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ‘ப்ராம்ஸ்’ என்கிற கோடைக்கால இசை விழாவில் அவர் எழுதிய ஆர்கெஸ்ட்ரா இசை. சரி, மேதை. அப்புறம்? 1985இலிருந்து 2001 வரை ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக்கில் பாடம் நடத்தினார். பிறகு லண்டன் கிங்ஸ் காலேஜில், இன்னொரு இசையமைப்பாளரான ஹாரிசன் பர்ட்விசில் இருந்த இடத்துக்குப் பேராசிரியராகப் போனார். நடுவில் ‘சடன் டைம்’ என்று ஒரு ஆர்கெஸ்ட்ரா இசையை 1989இல் ஆரம்பித்து 1993இல் முடித்தார், வாசிக்கக் கால் மணி நேரம்தான் ஆகும். முதல் ஆப்பெரா, அதாவது பாடியே நடிக்கும் இசை நாடகம், வந்தபோது வயது 46, அதுவும் ஹாமலின் குழலூதியின் கதையை வைத்து சுமார் 40 நிமிடம். இத்தனையும் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டே.

2013 மார்ச்சில் லண்டன் கோவென்ட் கார்டன் ஆப்பெரா அரங்கில் அவருடைய ‘ரிட்டன் ஆன் ஸ்கின்’ ஆப்பெரா பார்க்கப் போனேன். அதற்கு முந்தின வாரம் ஒரு மாணவியின் அப்பா, கோட்டைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றபடி, “மேடம், நீங்க டீச்சர் மட்டும்தானா, சொந்தமா எதுவும் போடலையா?” என்று கேட்டிருந்தார். இல்லை என்று சொல்லிவிட்டேன். பொய். மூன்று தந்தி வாத்தியங்களுக்கு எழுதியது பாதியில் மேசை இழுப்பறைக்குள் கிடந்தது. எனக்குக் கிடைத்தது மேல்மாடத்தில் ஓரத்து சீட், மேடை பாதிதான் தெரியும், ஆனால் ஆர்கெஸ்ட்ரா உட்காரும் பள்ளம் முழுசாகத் தெரிந்தது. பெஞ்சமினே ஆர்கெஸ்ட்ராவை நடத்தினார். இடைவேளை இல்லாமல் ஒன்றரை மணி நேரம். நனைந்த விரலால் கண்ணாடியைத் தேய்த்து வாசிக்கும் கிளாஸ் ஹார்மோனிகாவும் வில்லால் வாசிக்கும் பழைய தந்தி வாத்தியமான வயோலா ட காம்பாவும் ஓரிடத்தில் சேர்ந்து வந்தபோது, எது கண்ணாடி எது தந்தி என்று பிரிக்க முடியாமல் நான் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தேன். அன்று ராத்திரியே இழுப்பறையைத் திறந்தேன்.

“ராயல் காலேஜ் பேராசிரியரும் வீட்டுக்கு வீடு போகிற பியானோ டீச்சரும் ஒன்றா?” என்று யாராவது வருவீர்கள், தெரியும். ஒன்று என்று நான் சொல்லவில்லை. அவருக்குக் கிடைத்த மாணவர்கள் வேறு, சம்பளம் வேறு. பாடம் நடத்தினால் எழுதுகிற கை செத்துப்போகும் என்கிறார்களே, அதை மட்டும்தான் மறுக்கிறேன். எனக்கு நடந்தது நேர்மாறு. பதினொரு வயதுப் பையன் ஒருவனுக்கு இடது கை எட்டவில்லை என்று ஒரு கார்டின் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களின்) நடு ஸ்வரத்தை ஒரு ஸ்தாயி மேலே தூக்கி எழுதிக் கொடுத்தேன். அடைத்துக் கிடந்த ஒலி சட்டென்று திறந்துகொண்டது. என் மூவர் இசையின் இரண்டாம் பகுதி அங்கேதான் ஆறு மாதமாகச் சிக்கிக் கிடந்தது.

நேரத்தைத் தின்பது பாடம் இல்லை, பாடத்தைச் சுற்றி இருப்பது. நான் போகும் ஒரு பள்ளியில் பியானோவுக்குச் சுருதி கூட்டி மூன்று வருடம் ஆகிறது. நடு ஸிக்கு மேலே எஃப் ஷார்ப் கட்டை அழுத்தினால் எழும்பாது, பிள்ளைகள் நகத்தால் நெம்பிவிட்டு வாசிக்கிறார்கள். நான்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன், பட்ஜெட் இல்லையாம். அதே வருடம் வரவேற்பறைக்குப் புது சோஃபா வந்தது. பஸ்ஸில் போய்வரும் இரண்டு மணி நேரத்துக்கும் காசு கிடையாது. பெற்றோர் கேட்பதெல்லாம் இசைத் தேர்வைப் பற்றி, “கிரேடு எட்டு எப்ப முடியும்?” மட்டும்தான்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை நான் யாருக்கும் வகுப்பு கொடுப்பதில்லை, எவ்வளவு தருவதாகச் சொன்னாலும். அந்த மூன்று மணி நேரத்தில்தான் மூவர் இசை முடிந்தது, 2019இல் நண்பர்கள் ஒரு சர்ச்சில் வாசித்தார்கள், ஒன்பது நிமிடம். ராஜினாமாக் கடிதம் எழுதுவதற்கு முன்னால் உங்கள் தலைமையாசிரியரிடம் வாரத்தில் அரை நாள் கேட்டுப் பாருங்கள். சம்பளத்தில் பிடித்துக்கொண்டாலும் கேளுங்கள்.