சிங்கப்பூருக்கு முதல் தடவை போற அப்பா அம்மாவுக்கு: கேள்வி பதில்

குமரி மாவட்டம் மார்த்தாண்டத்தில் இருந்து எழுதுறேன். சிங்கப்பூரில் 14 வருஷம் நர்ஸா வேலை பார்த்துட்டு ஊருக்குத் திரும்பினவ. பிள்ளைங்க அங்கே வேலையில் இருக்காங்க, பேரப்பிள்ளையைப் பார்க்கணும், ஆனா ப்ளைட் ஏறவே பயமா இருக்கு என்கிற பெரியவங்க நம்ம மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு உண்டு. அவங்களுக்காகத்தான் சந்தேகம் இருந்தா கேளுங்கன்னு சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இது.

கருங்கல்லில் இருந்து ஒரு தம்பி: அக்கா, அம்மாவுக்கு இரண்டு வருஷ விசா கிடைச்சிருக்கு. அண்ணன் வீட்டில் மூணு மாசம் சேர்ந்தாப்பில இருக்கலாம்தானே?

முடியாது தம்பி. அந்த இரண்டு வருஷம் என்பது உள்ளே வந்து போறதுக்கான காலம். ஒவ்வொரு தடவையும் எத்தனை நாள் தங்கலாம் என்பதை அங்கே இறங்கும்போது குடிநுழைவு (இமிகிரேஷன்) அதிகாரிங்கதான் முடிவு பண்ணுவாங்க. பொதுவா 30 நாள். இப்போ பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துறதில்லை, கடைசித் தேதி ஈமெயிலில்தான் வரும். அம்மாவுக்கு ஈமெயில் பார்க்கத் தெரியாதுன்னா அண்ணனோட முகவரியைக் கொடுங்க. கூடுதல் நாள் வேணும்னா அந்தத் தேதி முடியறதுக்கு முன்னாடியே ஆன்லைனில் விண்ணப்பிக்கணும். தேதி தாண்டித் தங்குறது அங்கே குற்றம். பாஸ்போர்ட்டில் ஆறு மாசம் மிச்சம் இருக்கான்னும் பாருங்க.

குலசேகரம்: அரைவல் கார்டு எடுக்க 1,500 ரூபாய் ஆகும்னு ஒருத்தர் சொல்றார். கொடுக்கலாமா?

கொடுக்காதீங்க. அது அங்கே போறவங்க ஆன்லைனில் நிரப்புற வருகைப் படிவம், முழுக்க இலவசம். சிங்கப்பூர் குடிநுழைவுத் துறையோட சொந்த இணையதளத்திலோ செயலியிலோ, போய் இறங்குற நாளையும் சேர்த்து மூணு நாளுக்குள்ள நிரப்பணும். அதே மாதிரி தோற்றத்தில் பணம் கேட்கிற தளங்கள் நிறைய இருக்கு. மகனையே நிரப்பச் சொல்லுங்க, பத்து நிமிஷ வேலை.

திங்கள்சந்தை: அம்மா அஞ்சாவதுதான் படிச்சிருக்காங்க. பாஸ்போர்ட் ஈசிஆர். தடுத்துருவாங்களா?

தடுக்க மாட்டாங்க. ஈசிஆர்னா 'குடிபெயர்வுச் சோதனை தேவை'ன்னு அர்த்தம். அந்த முத்திரை குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போறவங்களுக்கு. சிங்கப்பூர் அந்தப் பட்டியலிலேயே இல்லை. அம்மா மகனைப் பார்க்கத்தானே போறாங்க.

குளச்சலில் இருந்து ஒரு அக்கா: மகனுக்கு கருவாடு, மீன் ஊறுகாய், முந்திரிக்கொத்து, வறுத்து அரைச்ச மசாலா எல்லாம் கொண்டு போகணும். எது விடுவாங்க, எது விட மாட்டாங்க?

முந்திரிக்கொத்து, நேந்திரங்காய் சிப்ஸ், அச்சுமுறுக்கு தாராளமா கொண்டு போங்க. கருவாட்டை ரெண்டு மூணு கவர் போட்டு இறுக்கிக் கட்டி பெரிய பெட்டியில் வையுங்க. கோழி, ஆடு, மாடுன்னு எந்த இறைச்சியும் கூடாது, வறுத்ததும் கூடாது.

மசாலாவில்தான் கவனம் வேணும். கசகசா அங்கே தடை செஞ்ச பொருள். நமக்கு அது குருமாவுக்கு அரைக்கிற சாமான், அவங்களுக்கு அது அபினிச் செடியோட விதை. போதைப்பொருள் தடுப்புப் பிரிவு வரை போகிற விஷயம். அஞ்சறைப்பெட்டியை அப்படியே கவிழ்த்துக் கட்டாம, கையால் துழாவிப் பார்த்துட்டுக் கட்டுங்க. சூயிங்கம் 1992-ல் இருந்தே தடை. இ-சிகரெட்டும் வாயில் போடுற புகையிலையும் கொண்டு போகவே கூடாது. வெத்திலையோடு போயிலை போடுற தாத்தா பாட்டி இருந்தா இப்பவே சொல்லி வையுங்க.

ஊறுகாய் பாட்டிலைக் கைப்பையில் வைக்காதீங்க. 100 மில்லிக்கு மேல எண்ணெயும் குழம்பும் ஊறுகாயும் கேபினுக்குள்ள போகாது. எங்க அம்மா முதல் தடவை வந்தப்போ நெய்மீன் ஊறுகாயை மடியிலேயே வெச்சுக்கிட்டு வந்தாங்க, பெட்டியில் போட்டா உடைஞ்சுரும்னு. சோதனையில் எடுத்து வெச்சுட்டாங்க. எனக்காக ரெண்டு நாள் உட்கார்ந்து போட்ட ஊறுகாய். அதை அந்தத் தட்டில் விட்டுட்டு நடக்கும்போது ரெண்டு தடவை திரும்பிப் பார்த்தாங்களாம். அங்கே வந்து இறங்கினதும் என்கிட்ட முதல்ல சொன்னது அதைத்தான்.

அதே அக்கா: பக்கத்து வீட்டுக்காரங்களும் அவங்க மகனுக்கு ஒரு பார்சல் தர்றாங்க. மாட்டேன்னு சொல்ல மனசு வரலை.

நம்ம ஊரில் ஒருத்தர் கிளம்பினா தெருவே பார்சலோடு வந்து நிக்கும், எனக்குத் தெரியும். ஆனா பிரிச்சுப் பார்க்காம ஒரு பொட்டலம்கூட வாங்காதீங்க. சிங்கப்பூரில் போதைப்பொருள் கடத்தலுக்கு மரண தண்டனை வரை உண்டு. உங்க பையில் இருப்பது என்னன்னு உங்களுக்குத் தெரியும் என்றுதான் அந்த ஊர்ச் சட்டம் எடுத்துக்கும். "எனக்குத் தெரியாது, கொடுத்து விட்டாங்க" என்பதை நிரூபிக்க வேண்டியது நீங்கதான். கொடுக்கிறவங்க முன்னாடியே பிரிச்சு, பார்த்து, நீங்களே கட்டுங்க. கோபப்பட்டா படட்டும் அக்கா. இதில் மட்டும் முகதாட்சண்யம் வேண்டாம்.

தக்கலை: அப்பாவுக்கு சுகர், பிரஷர் இருக்கு. ராத்திரி தூக்க மாத்திரையும் போடுவார்.

சுகர், பிரஷர் மாத்திரைகளை மூணு மாசத்துக்கு உள்ள அளவில், அட்டையோடு கொண்டு போங்க. டப்பாவில் கொட்டி எடுத்துட்டுப் போகாதீங்க. டாக்டர் சீட்டில் கம்பெனிப் பேரோடு மருந்தோட மூலப்பேரும் ஆங்கிலத்தில் இருக்கணும், அங்கே அந்தப் பேர்தான் புரியும். தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் மாதிரி வலி மாத்திரை இதெல்லாம் தனி ரகம். முன்கூட்டியே அங்குள்ள சுகாதார அறிவியல் ஆணையத்தில் அனுமதி கேட்க வேண்டி வரலாம், அதனால சீட்டை மகனுக்கு அனுப்பி, கிளம்புறதுக்குச் சில வாரம் முன்னாடியே பார்க்கச் சொல்லுங்க.

இன்சுலின் கைப்பையில்தான் இருக்கணும். கீழே போற பெட்டியில் உறைஞ்சு போனா அந்த மருந்து வேலை செய்யாது. அங்கே நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னாடி. இங்கே காலை 8 மணின்னா அங்கே 10.30. மாத்திரை நேரத்தை எப்படி மாத்தறதுன்னு டாக்டர்கிட்ட கேட்டு எழுதி வாங்கிக்கோங்க. பயண இன்சூரன்ஸ் எடுக்கும்போது சுகர், பிரஷரை மறைக்காதீங்க. வெளிநாட்டுக்காரங்களுக்கு அங்கே ஆஸ்பத்திரியில் அரசு சலுகை கிடையாது. பில் வந்த பிறகு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அழுத பிள்ளைங்களை நானே பார்த்திருக்கேன். ஆம்புலன்ஸுக்கு 995, போலீஸுக்கு 999.

ஆரல்வாய்மொழி: சென்னை போய்த்தான் ஏறணுமா?

வேண்டாம். திருவனந்தபுரத்தில் இருந்தே நேரடி விமானம் இருக்கு, நாலரை மணி நேரம் போல ஆகும். டிக்கெட் விலை குறைவா இருந்தா பெட்டி எடை அதில் சேர்ந்திருக்கான்னு பாருங்க, பல தடவை தனியா கட்டணும். வெளிநாட்டு முனையம் சாக்கை பக்கம். சங்குமுகம் பக்கம் உள்நாட்டு முனையம், அங்கே போய் இறங்கி அலையாதீங்க. நாகர்கோவிலில் இருந்து 70 கிலோமீட்டர்தான்னு நினைச்சு லேட்டா கிளம்பாதீங்க, களியக்காவிளையும் பாலராமபுரமும் எப்போ அடைக்கும்னு சொல்ல முடியாது. பங்குனி, ஐப்பசி ஆறாட்டு அன்னைக்கு பத்மநாபசுவாமி ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்து கடலுக்குப் போகும். அந்தச் சாயங்காலம் சில மணி நேரம் விமானமே ஓடாது, நேரத்தை மாத்துவாங்க.

இரணியல்: பஸ், ரயிலுக்குப் பணம் எப்படி? ரூபாய் செல்லுமா?

ரூபாய் செல்லாது. அங்கே நம்ம ஆளுங்க டாலரை 'வெள்ளி'ன்னு சொல்வாங்க, கடையில் "அஞ்சு வெள்ளி"ன்னு கேட்டா குழம்பாதீங்க. பஸ்ஸுக்கும் எம்ஆர்டி ரயிலுக்கும் ஈசி-லிங்க் கார்டு ஒண்ணு போதும், ஏறும்போதும் இறங்கும்போதும் தட்டணும். ரயிலுக்குள்ள சாப்பிடவோ தண்ணி குடிக்கவோ கூடாது, 500 வெள்ளி வரை அபராதம். எஸ்கலேட்டர் நம்ம ஊரை விட வேகம். கால் தடுமாறுறவங்க லிஃப்டில் போகட்டும், எல்லா ஸ்டேஷனிலும் இருக்கு.

முட்டம்: ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை கிடைக்குமா? நல்ல மீன் கறி?

ரெண்டும் கிடைக்கும். ஆஃபிர் ரோட்டில் லூர்து மாதா கோவில், 1888-ல் தமிழ்க் கத்தோலிக்கருக்காகக் கட்டினது. ஷார்ட் ஸ்ட்ரீட்டில் தமிழ் மெதடிஸ்ட் சபை இருக்கு. சவுத் பிரிட்ஜ் ரோட்டில் 1827-ல் தொடங்கின மாரியம்மன் கோவிலும், கொஞ்ச தூரத்திலேயே சூலியா பள்ளிவாசலும் இருக்கு. லிட்டில் இந்தியா பக்கம் இருக்கிற தேக்காவுக்குப் போயிட்டா ஆங்கிலமே வேண்டாம், மல்லிப்பூ முதல் முருங்கைக்காய் வரை தமிழில் கேட்டு வாங்கலாம். மீன் தலைக் கறியை ஒரு தடவை சாப்பிட்டுப் பாருங்க. கேரளாவில் இருந்து போன ஒருத்தர் 1949-ல் அங்கே ஆரம்பிச்சதுன்னு சொல்வாங்க. புளி போட்டது, நம்ம நாக்குக்குப் பிடிக்கும். உணவங்காடியில் (பல சாப்பாட்டுக் கடைங்க ஒரே இடத்தில் இருக்கிற கூடம்) சாப்பிட்ட தட்டை நீங்களே திருப்பி வைக்கணும்.

களியக்காவிளை: காசு செலவில்லாம என்ன பார்க்கலாம்?

சாங்கி விமான நிலையத்தை ஒட்டின ஜுவெல் கட்டிடத்தில் 40 மீட்டர் உயரத்தில் இருந்து உள்ளேயே விழுற அருவி. கரையோரப் பூந்தோட்டத்தில் (கார்டன்ஸ் பை தி பே) ராத்திரி 7.45-க்கும் 8.45-க்கும் அந்தப் பெரிய மரக் கோபுரங்களில் ஒளிக்காட்சி. ரெண்டும் இலவசம். குடை கட்டாயம், மழை சொல்லாம வரும்.

பூதப்பாண்டியில் இருந்து ஒரு தங்கச்சி: அக்கா, அம்மா தனியா வர்றாங்க. தமிழ் மட்டும்தான் தெரியும். எங்கேயாவது வழி தவறிட்டா?

பயப்படாத மக்கா. அங்கே தமிழ் ஆட்சிமொழி. ரயிலில் அறிவிப்பும் எச்சரிக்கைப் பலகையும் தமிழிலும் இருக்கும், அதைக் கேட்டதும் எங்க அம்மாவுக்குப் பாதி பயம் போச்சு. வழி தவறினா அங்கேயும் இங்கேயும் நடக்காம, ரயில் ஸ்டேஷனில் டிக்கெட் கேட் பக்கத்தில் இருக்கிற கண்ணாடி அறைக்குப் போய் நிக்கச் சொல்லு. அங்கே ஊழியர் இருப்பாங்க.

அங்கே அடுக்குமாடி எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். அதனால ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் பிளாக் நம்பர், தெரு, மாடியும் வீட்டு எண்ணும், அஞ்சல் குறியீட்டு எண் ஆறு இலக்கம், உன் போன் நம்பர் இவ்வளவும் ஆங்கிலத்தில் எழுது. பின்பக்கம் அதையே தமிழில் எழுது. ரெண்டு பிரதி எடுத்து, ஒண்ணு பையில், ஒண்ணு அம்மாவோட பர்ஸில். பிளாக் நம்பரையும் மாடியையும் மட்டும் இப்பவே மனப்பாடம் பண்ணச் சொல்லு, தினமும் போனில் ஒரு தடவை கேளு.