அஸ்பெஸ்டோஸ் ஆலையில் வேலை செய்த அப்பாவுக்கு நட்டஈடு கிடைக்குமா?

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. 1982 முதல் 1994 வரை கொழும்புப் பக்கம் ஓர் அஸ்பெஸ்டோஸ் ஆலையில் கூரைச் சீற் வெட்டினார். இப்போது நெஞ்சில் திரும்பத் திரும்ப நீர் கோர்க்கிறது. நுரையீரல் உறையில் புற்றுநோயாக இருக்கலாம் என்கிறார் டொக்டர். கம்பனியோ, "அவர் சிகரெட் குடிச்சவர்தானே" என்று கைவிரிக்கிறது. இத்தனை வருடத்துக்குப் பிறகு நட்டஈடு கேட்கலாமா? (மகள், களுவாஞ்சிகுடி)

பதில்: கேட்கலாம். ஆனால் "இருக்கலாம்" என்ற சொல்லோடு நீதிமன்றத்துக்குப் போக முடியாது. நோயின் பெயர் எழுத்தில் உறுதியாக வேண்டும். உங்கள் வழக்கின் உயிரே அதில்தான்.

காரணம் இதுதான். நுரையீரலுக்குள் வரும் புற்றுநோய்க்குப் புகையும் காரணம், அஸ்பெஸ்டோஸும் காரணம். அங்கே கம்பனியின் வாதத்துக்கு ஓரளவு இடமுண்டு. உறையில் வரும் மீசோதீலியோமா அப்படியல்ல. அதற்குப் பிரதான காரணம் அஸ்பெஸ்டோஸ் தூசு. புகைபிடித்தல் அதை உண்டாக்குவதில்லை. அந்தப் பெயர் அறிக்கையில் வந்துவிட்டால் சிகரெட் கதை எடுபடாது.

எக்ஸ்ரேயும் சீ.ரி. ஸ்கானும் சந்தேகத்தைத்தான் காட்டும். எடுத்த நீரைச் சோதித்தாலும் பல தடவை முடிவு தெளிவாக வராது. உறையில் சிறு துண்டு எடுத்து, விசேட சாயச் சோதனையோடு பார்க்கும் பயொப்ஸிதான் உறுதியான சான்று. அப்பாவின் உடல் தாங்குமா என்பதை டொக்டர்தான் சொல்ல வேண்டும். வழக்குக்காக அவரை வருத்த வேண்டாம். எந்தத் தொழில், எத்தனை வருடம் என்பதைக் கிளினிக் அட்டையிலும் எழுதச் சொல்லுங்கள்.

அடுத்தது காலம். 1871ஆம் ஆண்டின் காலவரையறைக் கட்டளைச் சட்டப்படி இத்தகைய நட்டஈட்டு வழக்கை, வழக்குக்கான காரணம் எழுந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். 1994இல் வேலையை விட்டதிலிருந்தே கணக்கிட்டு, காலம் எப்போதோ முடிந்தது என்று கம்பனி வாதிடும். தூசு உள்ளே போய் 20 முதல் 50 வருடம் கழித்து வெளிப்படும் நோய் இது. பாதிப்பே இல்லாத காலத்தில் எதை வைத்து வழக்குப் போடுவது? இதுதான் நம் பதில். இருந்தாலும் சும்மா இருக்காதீர்கள். நோய் தெரிந்த திகதியிலிருந்து நாளை எண்ணுங்கள்.

தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம் போகும் வழியும் உண்டு. ஆனால் ஒரே பாதிப்புக்கு இரண்டு இடத்திலும் நட்டஈடு வாங்க முடியாது. சட்டத்தரணியோடு பேசாமல் எந்தப் படிவத்திலும் கையெழுத்து வைக்காதீர்கள்.

ஊழியர் சேமலாப நிதிப் பதிவில் கம்பனியின் பெயரும் காலமும் இருக்கும், அதை எடுங்கள். கூட வேலை செய்தவர்களைத் தேடுங்கள். அப்பா தெளிவாகப் பேசும்போதே, முகமூடி தந்தார்களா, தூசு எப்படிப் பறந்தது என்பதையெல்லாம் சத்தியக் கடதாசியாக எழுதி சமாதான நீதவான் முன் ஒப்பமிட வையுங்கள். இதை இந்த வாரமே செய்யுங்கள்.

பணத்தை நினைத்துத் தயங்க வேண்டாம். சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையம் மட்டக்களப்பிலேயே இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே உதவி கிடைக்கும்.