கோவை மாநகராட்சி, வரி, ரோடு, மெட்ரோ: கேட்டவர்களுக்கு ஒரு ரிட்டயர்டு இன்ஜினியரின் பதில்கள்

நகராட்சி, மாநகராட்சிகளில் இன்ஜினியராக வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன் நான். கோவை வளர்கிற வேகம், அதற்கு ஆகும் செலவு, இந்த இரண்டைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னதுதான் தாமதம், கேள்விகள் குவிந்துவிட்டன. தெரிந்ததை நீளமாகவே எழுதுகிறேன். கேள்விக்கு முன்னால் இருப்பது கேட்டவரின் கோவைப் பகுதி. எந்தக் கட்சி நன்றாகச் செய்தது என்று கேட்டவர்கள் மன்னிக்கவும், அந்தப் பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை.

சரவணம்பட்டி: எங்களை மாநகராட்சியில் சேர்த்து எத்தனை வருஷம் ஆச்சுங்க, இன்னும் செப்டிக் டேங்க்தான். வரி மட்டும் மாநகராட்சி வரி. இது நியாயமா?

நியாயம் இல்லைதான். ஆனால் காரணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். 2011ல் 11 உள்ளாட்சிகளைச் சேர்த்தார்கள். குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம் என்று மூன்று நகராட்சிகள், உங்கள் ஊர் மாதிரி ஏழு பேரூராட்சிகள், அப்புறம் விளாங்குறிச்சி ஊராட்சி. 105 சதுர கிலோமீட்டராக இருந்தது 257 ஆனது, வார்டு 72லிருந்து 100 ஆனது. ஊரின் பரப்பு ஒரே கையெழுத்தில் இரண்டரை மடங்கு ஆகிவிடும், குழாய் அப்படி ஆகாது.

பாதாளச் சாக்கடை என்பது குடிநீர்க் குழாய் போல மேட்டிலும் பள்ளத்திலும் இஷ்டத்துக்குப் போகாது, சரிவு பார்த்துத்தான் போகும். பள்ளமான இடத்திலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வர வேண்டும். கழிவுநீர் ஓடும் திசையில் போகப் போக ஆழம் கூடும், ஓர் அளவுக்கு மேல் தோண்ட முடியாது, அங்கே பம்பிங் ஸ்டேஷன். அதற்கு இடம் கேட்டால் எந்தத் தெருவும் தராது. கடைசியில் சுத்திகரிப்பு நிலையம். பழைய நகரத்துக்கு உக்கடத்தில் நாளைக்கு 7 கோடி லிட்டர் கொள்ளளவில் ஒன்று இருக்கிறது. ஆக, உங்கள் தெருவில் குழாய் பதிப்பதுதான் கடைசி வேலை. அது மட்டும்தான் உங்கள் கண்ணுக்குத் தெரியும்.

திட்டம் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டால் முதலில் ஒன்று கேளுங்கள்: அந்தப் பம்பிங் ஸ்டேஷன்களின் கரண்ட் பில்லை மாசாமாசம் யார் கட்டுவது, எந்தக் கணக்கிலிருந்து? கட்டுவதற்குக் கடனும் கிடைக்கும், மானியமும் கிடைக்கும். ஓட்டுவதற்கு உங்கள் வரிதான்.

கணபதி: 2022ல் சொத்து வரியைக் கண்டபடி ஏற்றினார்கள், இப்போது வருஷா வருஷம் 6 சதவீதம். யாரைக் கேட்டு?

சென்னை தவிர்த்த மாநகராட்சிகளில் 2022ல் ஏறிய கணக்கு இது: 600 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. அதற்கு முந்தைய பொதுச் சீராய்வு 2008ல். நடுவில் 2018ல் ஏற்றி, 2019ல் நிறுத்தி வைத்தார்கள். பதினான்கு வருஷம் தொடாமல் விட்டு ஒரே நாளில் ஏற்றினால் வலிக்கத்தான் செய்யும். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றியிருந்தால் இத்தனை பேர் இங்கே வந்து திட்ட மாட்டீர்கள்.

யாரைக் கேட்டு என்றால், மத்திய அரசின் பணத்தை மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் பிரித்துத் தரச் சொல்லும் 15வது நிதிக் குழுவைக் கேட்டு. சொத்து வரி வசூல் மாநிலத்தின் உற்பத்தி வளர்ச்சிக்கு ஈடாக உயர வேண்டும், இல்லாவிட்டால் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு மானியம் இல்லை என்று நிபந்தனை போட்டார்கள். அந்த மானியத்திலும் கோவை மாதிரி பத்து லட்சம் தாண்டிய நகரங்களுக்கு வந்தது காற்று மாசு, குடிநீர், குப்பை என்று பெயர் எழுதி ஒட்டி வந்த பணம். "பார்க்குக்குக் காசு இருக்கு, எங்கள் பள்ளிக்கூட காம்பவுண்டுக்கு இல்லையா" என்று கேட்கிறீர்களே, பல நேரம் பதில் இதுதான். அந்தப் பணத்தை இதில் போட முடியாது.

அரையாண்டு தொடங்கிய 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி, அதிகபட்சம் 5,000 ரூபாய். அதையாவது விடாதீர்கள்.

இடையர்பாளையம்: சொத்து வரி ஏன் 6 சதவீதம் ஏறுகிறது?

மேலே இருக்கிறது.

ஆர்.எஸ்.புரம்: டி.பி. ரோட்டில் சுமார் 40 கோடிக்கு மல்டிலெவல் பார்க்கிங். கார் எல்லாம் வெளியே ரோட்டில்தான் நிற்கிறது. வீண் செலவுதானே?

கட்டடத்தின் மேல் தப்பு இல்லை. ரோட்டோரம் ஓசியாக நிறுத்த விட்டுவிட்டு உள்ளே காசு கேட்டால் எவன் போவான்? ரோட்டில் நிறுத்துவதற்குக் கூடுதல் கட்டணம், இல்லாவிட்டால் அபராதம், இரண்டில் ஒன்றைத் தினமும் செய்ய ஆள் வேண்டும். லிஃப்ட் வாங்க டெண்டர் விட்டார்கள், அந்த ஆளுக்குச் சம்பளம் யாரும் எழுதி வைக்கவில்லை. நான் எப்போதும் சொல்வதுதான், ரிப்பன் வெட்டிய மறுநாள் செலவு யாருடையது?

ராமநாதபுரம்: புது ரோடு போட்டதிலிருந்து மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது.

இதைத்தான் தொண்டை வற்றக் கத்துகிறேன். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே போட்டால் ஒவ்வொரு தடவையும் இரண்டு அங்குலமாவது ஏறும். மூன்று தடவை போட்டால் உங்கள் வாசற்படி ரோட்டுக்குக் கீழே. மேன்ஹோல் மூடி குழிக்குள் போய்விடும், டூவீலர்க்காரன் அதில் இறங்கி இடுப்பை உடைத்துக்கொள்வான். மழைநீர் வடிகாலின் வாய் தாருக்கடியில் அடைபடும். சுரண்டி எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021ல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு எல்லாத் துறைகளுக்கும் எழுதினார். அப்படிச் சுரண்டுவதுதான் மில்லிங். மில்லிங் மெஷின் வராமல் தார் லாரி வந்தால் உடனே கேளுங்கள். போட்ட பிறகு கேட்டுப் பிரயோஜனம் இல்லை.

பீளமேடு: ஆக்ராவுக்கும் போபாலுக்கும் மெட்ரோ, கோவைக்கு மட்டும் 20 லட்சம் மக்கள்தொகை இல்லையா?

உங்கள் கோபம் சரி. 2025 நவம்பரில் கோவை மெட்ரோ திட்டத்தை மத்திய அரசு திருப்பி அனுப்பியபோது சொன்ன காரணங்களில் 20 லட்சம் பேர் இல்லை என்பதும் ஒன்று. 2011 கணக்கில் மாநகராட்சிக்குள் 15.84 லட்சம் பேர்தான். ஆனால் சுற்றியுள்ள நகரப் பகுதியையும் சேர்த்தால் 21 லட்சம் தாண்டும், ஆக்ராவும் போபாலும் அப்படிச் சேர்த்தாலும் 20ஐத் தொடாது. பழைய கணக்கை வைத்து ஊரை அளப்பது அபத்தம். அதோடு, பயணிகள் எண்ணிக்கையையும் கேட்டார்கள். சென்னையில் 55 கிலோமீட்டருக்கு நாளைக்கு 4 லட்சம் பேர் போகும்போது இங்கே 34 கிலோமீட்டரில் 5.9 லட்சம் எப்படி என்று. அந்தக் கேள்விக்கு மட்டும் நாம் ஒழுங்காகப் பதில் சொல்லியாக வேண்டும்.

கோவைப்புதூர் (குறுக்கே வந்து): மெட்ரோவுக்கு ஆகும் 10,740 கோடிக்குப் பஸ் வாங்கினால் பத்து ஊருக்கு ஓட்டலாம். மெட்ரோ எல்லாம் பந்தா.

பீளமேடு: அந்தப் பஸ்ஸும் அவிநாசி ரோட்டு நெரிசலில்தான் நிற்கும்ங்க. நீங்கள் காரில் போகிறவர் போல.

கோவைப்புதூர்: நான் 3 நம்பர் பஸ்ஸுக்கு அரை மணி நேரம் நிற்கிறவன். பேச வந்துட்டார்.

சிங்காநல்லூர்: இரண்டு பேரும் விடுங்க. அதான் அவிநாசி ரோட்டில் 1,791 கோடிக்கு மேம்பாலம் கட்டியாச்சே, அப்புறம் எதுக்கு மெட்ரோ?

மூவருக்கும் சேர்த்தே சொல்கிறேன். கோவைப்புதூர் அண்ணா, ஒரு பஸ் அரைக் கோடி என்று வைத்தாலும் உங்கள் கணக்குக்கு 20,000 பஸ்ஸுக்கு மேல் வரும். தமிழ்நாடு முழுக்க ஓடும் அரசு பஸ்ஸே ஏறக்குறைய அவ்வளவுதான். நிறுத்த இடம், ஓட்ட டிரைவர், டீசல் எல்லாம் எங்கே? ஆனால் உங்கள் அரை மணி நேரத்தில் நியாயம் இருக்கிறது. இருக்கும் டவுன் பஸ்ஸை நேரத்துக்கு ஓட்டினால் பாதிப் புலம்பல் தீரும். அது வருஷா வருஷம் ஆகும் செலவு, கல்வெட்டு வைக்க முடியாது, அதனால் யாருக்கும் ஆசை இல்லை.

சிங்காநல்லூர் தம்பி, உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் மேலே பறக்கிறவனுக்கு அது நல்ல பாலம், சந்தேகமில்லை. கீழே ரோட்டில் போகிறவனுக்கும் ரோட்டைக் கடக்கிறவனுக்கும் என்ன கிடைத்தது? அதோடு அந்தத் தூண்கள் ரோட்டின் நடுவை எடுத்துக்கொண்டதால், மெட்ரோ வந்தால் ஓரமாகத்தான் போக வேண்டும், நிலம் எடுக்கும் செலவு கூடும். பாலம் நெடுஞ்சாலைத் துறை, மெட்ரோ இன்னொரு நிறுவனம், பஸ் போக்குவரத்துக் கழகம், அடியில் போகும் குழாய் மாநகராட்சி. நாலு பேரும் ஒரே ரோட்டை நாலு வரைபடத்தில் வைத்திருக்கிறார்கள்.

பீளமேட்டுக்காரருக்கு: மெட்ரோ நஷ்டத்தில் ஓடினால் மத்திய அரசு தராது, 2017 கொள்கைப்படி அது மாநிலத்தின் தலையில். வேண்டும் என்று கேளுங்கள், அந்தக் கணக்கையும் சேர்த்துக் கேளுங்கள். இதற்கு மேல் மெட்ரோ பற்றி நான் பேசப்போவதில்லை, நீங்கள் மூவரும் தனியாகச் சண்டை போட்டுக்கொள்ளுங்கள்.

துடியலூர்: தெரு நாய்த் தொல்லை.

அது நம்ம சப்ஜெக்ட் இல்லைங்க. சுகாதாரப் பிரிவு.

சாயிபாபா காலனி: 24 மணி நேரக் குடிநீர் என்று 26 வருஷத்துக்குக் கம்பெனியிடம் கொடுத்துவிட்டார்கள், சிறுவாணியை விற்றுவிட்டார்கள் என்கிறார்களே?

சிறுவாணி அணை கேரளாவுக்குள் இருக்கிறது, விற்க நமக்கு அது சொந்தமே இல்லை. 50 அடி அணையில் 45 அடிக்கு மேல் தேக்க அவர்கள் விடுவதில்லை, அந்த 5 அடிக்காகச் சண்டை போட்டாலாவது புண்ணியம். 2018ல் கம்பெனியிடம் கொடுத்தது ஊருக்குள் விநியோகம். விலை வைப்பது மாநகராட்சிதான். குழாயில் எப்போதும் அழுத்தம் இருந்தால் சாக்கடை உள்ளே கசியாது, மோட்டார் போட்டு உறிஞ்ச வேண்டிய அவசியமும் இருக்காது, அந்த யோசனை சரியானது. குழாய் பதிக்கத் தோண்டிய ரோட்டை எந்தத் தேதிக்குள் மூடுவோம் என்று தெருவில் போர்டு வைக்காததுதான் என் கோபம். மூடும்போது மில்லிங், மறந்துவிடாதீர்கள்.

குனியமுத்தூர்: சொத்து வரி பற்றி...

மேலே. மேலே. மேலே.

போத்தனூர்: வெள்ளலூர் பஸ் ஸ்டாண்ட் எப்போதாவது முடியுமா?

2020ல் 168 கோடி மதிப்பீட்டில் ஆரம்பித்துப் பாதியில் நின்றது. இடம் சரியா தப்பா என்பது வேறு விவாதம். மழையிலும் வெயிலிலும் திறந்து கிடக்கும் கம்பி துருப்பிடித்துக்கொண்டிருக்கிறது, தொடர்வதாக இருந்தாலும் வேறு எதற்குப் பயன்படுத்துவதாக இருந்தாலும் முதலில் தூண்களின் உறுதியைச் சோதித்த அறிக்கையைக் கேளுங்கள். வார்டு மக்கள் கூடும் ஏரியா சபைக் கூட்டத்தில் கேட்டு மினிட்ஸில் (கூட்டக் குறிப்பில்) ஏற்றச் சொல்லுங்கள், வாயால் கேட்டது கணக்கில் வராது.

உப்பிலிபாளையம்: நாளைக்குக் காலையில் எங்கள் தெருவில் தார் போடுகிறார்களாம். மில்லிங் செய்த மாதிரி தெரியவில்லை.

இதைப் படித்துக்கொண்டிருக்காமல் இப்போதே மாநகராட்சி ஏ.இ.க்கு (உதவிப் பொறியாளருக்கு) போன் போடுங்கள். எஸ்டிமேட்டில் மில்லிங் ஐட்டம் இருக்கிறதா, இருந்தால் எத்தனை சதுர மீட்டர் என்று கேளுங்கள். வாசற்படிக்கும் ரோட்டுக்கும் உள்ள உயரத்தை டேப் வைத்து அளந்து, டேப் தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். எடுத்ததும் கவுன்சிலருக்கும் அனுப்புங்கள்.