ரேம் ஒரு ஸ்டிக்கா, இரண்டா?

கேள்வி: வீட்டுக்கு டெஸ்க்டாப் அசெம்பிள் செய்ய ரிச்சி தெருவில் இரண்டு கொட்டேஷன் வாங்கினேன். ஒன்று ரைசன் 5 5600ஜிடி (4.6 ஜிகாஹெர்ட்ஸ்), 8 ஜிபி ரேம் ஒரே ஸ்டிக். இன்னொன்று 5500ஜிடி (4.4 ஜிகாஹெர்ட்ஸ்), 8 ஜிபி ஸ்டிக் இரண்டு, விலை கொஞ்சம் கூட. கிராபிக்ஸ் கார்டு போடவில்லை. என் கணக்கு வேலை, பையனின் படிப்பு, அப்புறம் அவனுடைய கேம். வேகமான பிராசஸரை விட மனசு வரவில்லை. எதை எடுக்கலாம்?

பதில்: இரண்டாவதை எடுங்கள். 4.6-க்கும் 4.4-க்கும் உள்ள வித்தியாசம் நூற்றுக்கு ஐந்துகூடத் தேறாது. அதுவும் பிராசஸர் தொடக்கூடிய உச்ச வேகம்தான். நாள் முழுக்க அதிலேயே ஓடாது.

4.4 ஜிகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 440 கோடி துடிப்பு. ஆனால் கேட்ட தகவல் ரேமிலிருந்து வந்து சேர ஏறத்தாழ 70 நானோநொடி ஆகும். அதற்குள் முந்நூறு துடிப்பு போய்விடும். 4.6 பிராசஸரும் அதே 70 நானோநொடி காத்திருக்கத்தான் வேண்டும். இந்தக் காத்திருப்பைக் குறைக்கத்தான் பிராசஸருக்குள்ளேயே கேஷ் என்று கொஞ்சம் மெமரி வைக்கிறார்கள். 2022-ல் வந்த 5800எக்ஸ்3டி பிராசஸரில், ரைசன் தயாரிக்கும் ஏஎம்டி நிறுவனம் முந்தைய 5800எக்ஸின் உச்ச வேகத்தை 4.7-லிருந்து 4.5 ஆகக் குறைத்து, எல்3 என்ற பெரிய கேஷை 32 எம்பியிலிருந்து 96 ஆக்கியது. பல கேம்களில் வேகம் குறைந்த அந்தச் சிப்தான் முந்தியது. நீங்கள் கேட்ட இரண்டிலும் 16 எம்பிதான், அதில் பேச்சில்லை.

மிச்சம் இருப்பது ரேம். மதர்போர்டில் ரேமுக்கு இரண்டு சேனல், அதாவது தகவல் போய்வரும் தனித்தனிப் பாதை, உண்டு. டிடிஆர்4 வகையில் 3200 வேக ரேம் ஒற்றை ஸ்டிக் போட்டால் நொடிக்கு அதிகபட்சம் 25.6 ஜிபி; இரண்டு போட்டால் 51.2. கிராபிக்ஸ் கார்டு இல்லாததால் திரைக்கான வேலையும் அதே ரேமில்தான் நடக்கும், 8 ஜிபியில் ஒரு பங்கையும் எடுத்துக்கொள்ளும். பையன் கேமைத் திறந்த அன்றே இது தெரிந்துவிடும். கணக்கு வேலைக்கு நடுவே பிரௌசரில் பத்துப் பதினைந்து டேப் திறந்தால் 8 ஜிபி நிரம்பி, எஸ்எஸ்டியில் போட்டு எடுக்க ஆரம்பிக்கும். அது ரேமைவிடப் பல நூறு மடங்கு மெதுவாகப் பதில் சொல்லும்.

ஒரு விஷயம். அக்கா வீட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தேன்: நாலு ஸ்லாட் போர்டு, இரண்டு ஸ்டிக்கையும் ஒட்டி ஒட்டிச் செருகியிருந்தார்கள். இரண்டும் ஒரே சேனல்! பிராசஸர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நாலாவதிலும் மாற்றினேன், பைசா செலவில்லை. உங்கள் போர்டில் இரண்டே ஸ்லாட் என்றால் இந்தக் கவலை இல்லை. கடையை விட்டுக் கிளம்பும் முன் டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைப் பாருங்கள். வேகம் 3200-க்குப் பதில் 2133 அல்லது 2666 என்று காட்டினால், பயாஸில் (போர்டின் செட்டிங்ஸ் திரை) ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியை ஆன் செய்து தரச் சொல்லுங்கள்.